பேர் எழுதாத குமிழ்

ஜனவரி 12

மாப்ளே,

இந்தக் காலத்துல யாராவது கடுதாசி எழுதுவாங்களான்னு நீ கேப்பே. நான் என்ன பண்றது? காது மெஷின் வெச்சதுலேர்ந்து போனைக் காதுகிட்ட கொண்டு போனாலே அது கீச்சுனு விசில் அடிக்குது. உன் குரலுக்கு அந்த விசில் எவ்வளவோ தேவலாம், ஆனா சேதி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே. மெசேஜ் பாக்கலாம்னா எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். அஞ்சாங்கிளாஸோட நின்னவன் எழுத்து இது. தப்பு இருந்தா நீயே திருத்திப் படிச்சுக்கோ, இன்ஜினியராச்சே.

விஷயத்துக்கு வரேன். உங்க கம்பெனி புது சிந்தசைசரை அறிவிச்ச அன்னிக்கு நான் வாத்தியக் கடையில உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் எனக்கு அதான் ஆபீசு. கடைக்காரர் விரட்டுறதில்ல. நான் இருந்தா கடையில கூட்டம் இருக்கிற மாதிரி தெரியுதாம்.

வந்தது ஒரே ஒரு படம், கொசு கடிக்கிற நேரம் ஓடுற ஒரு வீடியோ. அதுக்குள்ள எல்லாரும் ஜட்ஜ் ஆயிட்டாங்க. கட்டையெல்லாம் பொடிசா இருக்கு, என் விரலால ஒண்ணை அமுக்கினா மூணு அமுங்கும்னு குறை சொன்னது யாருன்னா நம்ம பழைய கச்சேரி குரூப்பு பேஸ் கிட்டார்காரர். அவர் பொறந்ததுலேர்ந்து கீபோர்டைத் தொட்டது கிடையாது. ரெண்டு பக்கமும் மரம் வெச்சிருக்கான், அதான் சத்தம் இதமா இருக்குன்னு ஒரு தபேலாக்காரர். அது மரமே இல்ல, ஸ்டிக்கர்னு கடைக்காரர். ஒயர் பொண்ணுன்னு ஒருத்தி இங்க வருவா. ரூம் முழுக்க ஒயரா ஓட விட்டுக்கிட்டுத் தனியா உட்கார்ந்து ஏதோ பண்ணுவா, பாட்டும் இருக்காது ஒண்ணும் இருக்காது, ஆனா நமக்குத் தலை ஆடும். அவ, இது எப்பவோ வந்திருக்கணும், இப்ப யாருக்கு வேணும்னு சலிச்சுக்கிட்டா. அப்புறம் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி போய் நின்னு போன்ல சத்தமில்லாம புக் பண்ணிட்டா. காதுதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு.

அப்புறம்தான் மாப்ளே அந்தக் குமிழு. படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்ததுல ஒயர் பொண்ணு கண்டுபிடிச்சா. எல்லாக் குமிழுக்கும் கீழ பேர் எழுதியிருக்கு. வலது ஓரத்துல ஒண்ணுக்கு மட்டும் இல்ல. அவ்வளவுதான், டீ ஆறிப்போச்சு, கடையில ரெண்டு கட்சி ஆயிடுச்சு. அது எதிரொலிக்குன்னு ஒரு கட்சி. இல்ல, அதைத் திருப்பினா பழைய மெஷின் மாதிரி கரகரன்னு வரும்னு இன்னொரு கட்சி. அது என்னதுடா? எனக்கு மட்டும் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சிரிக்காதே.

படத்துல மெஷினுக்குப் பின்னாடி உன் மூஞ்சி பாதி தெரியுது. உன் அக்காகிட்ட காட்டினேன். அவ உன்கூடப் பேசுறதில்லதானே, அதனால மெஷினைப் பாத்து, இதுக்குக் கண்ணாடி போட்டிருக்கே, எப்பலேர்ந்துன்னு கேட்டா. நான் மெஷின்கிட்டயே கேட்டுச் சொல்றேன்னேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

---

ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலக வரவேற்பில் அதை என்னிடம் கொடுத்த பெண், கையால் முகவரி எழுதிய உறையை முதன்முறையாகப் பார்ப்பதாகச் சொன்னாள்.

கடையில் சொன்னதை எல்லாம் எழுதியதற்கு நன்றி. கிண்டலைக் கழித்துவிட்டுப் படித்துக்கொண்டேன். பக்கவாட்டில் இருப்பது மரம்தான். கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனியின் சோறு வீட்டு அழைப்புமணியிலும் லிஃப்ட் மணியிலும்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் செய்துவந்தது அதுதான். கதவு திறக்கும்போது வரும் "டிங்" எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதற்குக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். இந்த சிந்தசைசர் மட்டும்தான் நான் கேட்டு வாங்கிய வேலை. முதலாளியம்மா அரைமனதாகச் சம்மதித்தார்கள். ஏப்ரலில் இசைக்கருவிக் கண்காட்சி. அதற்குள் போதுமான முன்பதிவு வந்தால் தொழிற்சாலையில் செய்வோம். வராவிட்டால், படத்தில் பார்த்தீர்களே, அந்த ஒன்றோடு முடிந்தது. நானும் மணிகளுக்குத் திரும்பிவிடுவேன்.

அதனால் யார் என்ன சொன்னாலும் எழுதுங்கள். அந்தக் குமிழைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சொல்ல முடியாது. முக்கியமாக, உங்களுக்கு ஏதோ தெரிந்த மாதிரி கடையில் காட்டிக்கொள்ளவே வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

கண்ணாடி போட்டுக் கொஞ்ச காலம் ஆகிறது. படிப்பதற்கு மட்டும்தான். அக்கா நலமா?

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

---

பிப்ரவரி 3

மாப்ளே,

உன் கடுதாசி வந்து சேர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன். அதனால என்மேல தப்பில்ல, தபால்காரர்மேலதான் தப்பு.

நடந்ததைக் கேளு. நீ என் மச்சினன்னு கடைக்காரருக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. எப்படின்னா நான்தான் சொன்னேன். உடனே எல்லாரும் என்னைச் சுத்திக்கிட்டாங்க. பெரியவரே, அந்தக் குமிழு என்னன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு ஒயர் பொண்ணு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டா. தெரியாதுன்னு சொன்னா உனக்குத்தான் அசிங்கம். சொந்த அத்தான்கிட்டயே சொல்லாத பயன்னு நினைப்பாங்க. உன் மானத்தைக் காப்பாத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"அது பாடுறவங்களைக் கேக்கும்" அப்படின்னேன். எல்லாரும் முழிச்சாங்க. மைக்கை அதுல மாட்டிட்டா, பாடுறவங்க சுருதி மேல போனா மெஷினும் மேல போகும், கீழ வந்தா அதுவும் வரும். எவ்வளவு விட்டுக்கொடுத்துப் போகணும்கிறதை அந்தக் குமிழைத் திருப்பி நாம வெச்சுக்கலாம். பாடினவங்க தப்புன்னு எந்த சபையிலயும் யாருக்கும் தெரியாதுன்னேன். வாயில வந்ததை அவிழ்த்து விட்டதுதான். ஆனா சொல்லச் சொல்ல எனக்கே ஒண்ணு வாங்கணும்போல ஆயிடுச்சு.

அப்புறம் வேடிக்கையைப் பாக்கணும் நீ. முதல்ல பேசினது கீபோர்டு வாசிக்கிற ஒரு தம்பி. அப்ப நாங்க எதுக்குன்னு கேட்டான், பாவம். மெஷினைத் தூக்குறதுக்குன்னு சொன்னேன். தபேலாக்காரர், சுருதியே இல்லாத பாட்டுக்காரங்க எல்லாம் இனிமே தைரியமா கிளம்பிடுவாங்களேன்னு கவலைப்பட்டார். பேஸ்காரர் வழக்கம்போல மெதுவா, எனக்கும் அப்படி ஒரு குமிழு செய்யச் சொல்லுங்க, நான்தான் எப்பவும் கீழ இறங்கிடுறேனாமேன்னார். இன்னும் மறக்கல மனுஷன். குரூப்புல இருந்தவரைக்கும் அவரைத் திட்டாத கச்சேரி உண்டா?

மறுநாள் கடைக்கு ஆறேழு பாட்டுக்காரிங்க வந்துட்டாங்க. அவங்க மெஷின் வாங்குற ஜாதியே இல்ல. வந்தவங்க எல்லாரும் தனக்கு வேணாம், தெரிஞ்சவங்களுக்கு விசாரிக்கிறேன்னாங்க. பேரு மட்டும் அவங்கவங்க பேரையே எழுதிட்டுப் போனாங்க.

இந்த விஷயம் ஊர் தாண்டாது. நீ நிம்மதியா இரு.

உன் அத்தான்

பி.கு: உன் அக்கா நலம்தான். நீ விசாரிச்சேன்னு சொன்னதுக்கு, மெஷின் விசாரிச்சதான்னு கேட்டா.

---

பிப்ரவரி 14

அன்புள்ள அத்தானுக்கு,

ஊர் தாண்டிவிட்டது. நீங்கள் கடிதம் எழுதிய அன்றே தாண்டிவிட்டது. ஒயர் பொண்ணு என்று எழுதியிருந்தீர்களே, அவள் நீங்கள் பேசியதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். அதில் உங்கள் தலை பாதிதான் தெரிகிறது. ஆனால் அந்தக் கையாட்டலை உலகத்தில் எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாத மொழிகளில் எல்லாம் அந்தக் குமிழைப் பற்றிச் சண்டை நடக்கிறது. ஒருவர், இது வரப்போகிறது என்று தனக்கு எப்போதோ தெரியும் என்கிறார். இன்னொருவர் தன் பழைய கருவிகளை விற்கப் போட்டுவிட்டார். முன்பதிவு எங்கள் கணக்கை எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படாத ஒரே ஆள் நான்தான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தக் குமிழ் எதற்கும் இல்லை. முதலில் அங்கே விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் வைப்பதாக இருந்தது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அதற்குள் தகட்டில் ஓட்டை போட்டாகிவிட்டது. படம் எடுக்கும் அன்று ஓட்டை தெரியக் கூடாதே என்று ஒரு குமிழை எடுத்துப் பசை தடவி நான்தான் ஒட்டினேன். அது திரும்பக்கூடத் திரும்பாது, அத்தான்.

நேற்று முதலாளியம்மா கூப்பிட்டார்கள். குமிழைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். "ஒண்ணு, அது பொய்னு நீயே வெளியில சொல்லு. இல்லேன்னா கண்காட்சிக்குள்ள அதை உண்மையாக்கு" என்றார்கள். பொய் என்று சொன்னால் முன்பதிவு அத்தனையும் ரத்தாகும். மெஷினும் போகும்.

உண்மையாக்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அதைக் கண்காட்சிக்குப் பிறகு விவரமாக எழுதுகிறேன். இப்போது ஒரு கேள்விக்கு மட்டும் கிண்டல் இல்லாமல் பதில் வேண்டும். குரூப்பில் நீங்கள் வாசிக்கும்போது உங்கள் இடது கை பாதி நேரம் கீபோர்டுக்குப் பின்னாலேயே இருக்கும். முதுகுவலிக்குத் தாங்கிப் பிடிக்கிறேன் என்பீர்கள். அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கடையில் நீங்கள் சொன்னது வாயில் வந்தது மாதிரி எனக்குப் படவில்லை.

உங்கள் மைத்துனன்

---

பிப்ரவரி 22

மாப்ளே,

பசையா? பசை போட்டு ஒட்டினியா? நீ இன்ஜினியர் படிச்சது இதுக்குத்தானா? உன் கடுதாசியைப் படிச்சு நான் சிரிச்ச சிரிப்புல காது மெஷின் கழண்டு டம்ளர்ல விழுந்துடுச்சு. துடைச்சு மாட்டியிருக்கேன். இப்ப விசில் முன்னைவிட இனிமையா வருது.

சரி, கிண்டல் இல்லாம சொல்றேன். கஷ்டப்பட்டு.

என் பழைய கீபோர்டுக்குப் பின்னாடி சுருதி ஏத்தி இறக்குற குமிழு ஒண்ணு உண்டு. நகம் சைஸ்தான். உன் அக்காவுக்கு ஒரு பழக்கம். பல்லவி சுத்தமா நிக்கும். முதல் சரணம் நிக்கும். ரெண்டாவது சரணத்துல சந்தோஷம் வந்துடும் அவளுக்கு. வந்துட்டா மேல போக ஆரம்பிச்சுடுவா. கொஞ்சமாத்தான், மயிரிழை. எதிர்ல உட்கார்ந்து கேக்கிறவங்களுக்கு ஏதோ சரியில்லையேன்னு தோணும், என்னன்னு புரியாது. அவளைப் பாத்துக் கையைக் காட்டி இறங்குன்னா சொல்ல முடியும்? அப்படி சிரிச்சுக்கிட்டுப் பாடுறவகிட்ட? அதனால இடது கையைப் பின்னாடி விட்டு நான் அந்தக் குமிழை ஏத்திக்குவேன். அவ எவ்வளவு போறாளோ அவ்வளவு. பாட்டு முடிஞ்சு கைதட்டுற நேரத்துல பழைய இடத்துக்குக் கொண்டுவந்துடுவேன்.

பேஸ்காரர்தான் கூட வர மாட்டார். கம்பியை முறுக்கி வெச்ச இடத்துலயே நிப்பார். சத்தம் ஒட்டாது. இடைவேளையில எல்லாருமா சேர்ந்து, என்ன சார் இறங்கிட்டீங்கன்னு அவரைப் பிடிச்சுக்குவோம். அவர் சுருதி பாத்துட்டு, சரியாத்தானே இருக்குங்கன்னு சொல்வார். நாங்க ஒத்துக்க மாட்டோம்.

நம்ம குரூப்பு கலைஞ்சு இத்தனை வருஷமாகியும் இது உன் அக்காவுக்குத் தெரியாது. அந்தக் கல்யாண வரவேற்புக் கச்சேரியில மட்டும் நீ மைக் சத்தத்தை ஏத்தி இறக்குற மிக்சர்ல உட்கார்ந்துக்கிட்டு, அக்கா மேல போறான்னு அவ மைக்கை இறக்கிட்டு இன்னொரு பொண்ணு மைக்கை ஏத்திட்டே. மேடைக்குக் கீழ ஒருத்தருக்கும் தெரியல. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்துதான் அவ உன்கிட்ட பேசுறதில்ல. தம்பின்னா காதைக் கொடுப்பான்னு நினைச்சேன், குரல்வளையைப் பிடிச்சுட்டானேன்னு ஒருதரம் சொன்னா. நான் பேச்சை மாத்திட்டேன்.

இது அவளுக்குத் தெரிய வேணாம். இத்தனை வருஷம் பின்னாடியே கையை வெச்சுக்கிட்டு வந்தவன்னு தெரிஞ்சா என்னை என்ன செய்வாளோ.

மெஷினைச் செய். நான் செஞ்சதையே செய்யச் சொல்லு அதை. கேக்கணும், கூடவே போகணும், அவ்வளவுதான். இதுல என்ன பெரிய கஷ்டம்?

உன் அத்தான்

---

மார்ச் 10

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கேட்கிறது, கூடவே போகிறது. பதிவு செய்த பாட்டுகளைப் போட்டுப் பார்த்தபோது அற்புதமாக இருந்தது. குரல் ஏறினால் ஏறியது, இறங்கினால் இறங்கியது. முதலாளியம்மாவே கதவருகில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு உயிருள்ள ஆளை வைத்துப் பார்த்தேன். அலுவலக வரவேற்பில் இருக்கும் பெண் நன்றாகப் பாடுவாள். மைக்கைக் கொடுத்துப் பாடச் சொல்லி, நான் வாசித்தேன். பாதிப் பாட்டில் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்திவிட்டு, ஏன் சார் இவ்வளவு மேலே வைத்தீர்கள் என்று கேட்டாள். நான் எதையும் மாற்றவில்லை. பார்த்தால், ஆரம்பித்த இடத்திலிருந்து சுருதியில் ஒரு முழுக் கட்டை ஏறியிருந்தோம். மறுபடி பாடினாள். மறுபடி ஏறியது. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவரைப் பாட வைத்தேன். அவர் இறங்க ஆரம்பித்தார், மெஷினும் இறங்கியது, கடைசியில் இரண்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது.

யார் முதலில் நகர்கிறார்கள் என்று திரையில் கோடு கோடாகப் பார்த்தேன். யாரும் இல்லை, அத்தான். குரல் இம்மியளவு அசைகிறது, மெஷின் அதற்கு விட்டுக்கொடுக்கிறது. மெஷின் அசைந்ததைக் கேட்டு, தான்தான் தவறிவிட்டோம் என்று பாடுகிறவர் அதோடு சேர்ந்துகொள்கிறார். அதற்கு மெஷின் இன்னும் கொஞ்சம். உங்கள் காதுக் கருவி போனைக் கண்டால் விசில் அடிப்பதும் இதேதான். ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே போகிறது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கல்யாண வரவேற்பு நினைவுக்கு வந்தது. அன்று என் காதில் அக்காவின் குரல் ஏறியது மட்டும்தான் விழுந்தது. உங்கள் கீபோர்டும் அங்கேதான் நிற்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. ஏறியது இரண்டு பேர். நான் இறக்கியது ஒருவரை.

கண்காட்சி நெருங்கிவிட்டது. இந்த ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. குமிழைப் பாதியில் வைத்தால் மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். இதே மாதிரி ஏறிப் பழகிய ஒருவர் வந்து பாடினால், எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்குப் புரியும்போல இருக்கிறது. அப்படிப்பட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கு இஷ்டம் இருக்காது என்று தெரியும்.

உங்கள் மைத்துனன்

---

மார்ச் 17

மாப்ளே,

என் குடும்பத்துல குண்டு வெச்சுட்டே. பரவால்ல, வெடிச்சது வேற மாதிரி.

உன் அக்கா துணி தேய்ச்சுக்கிட்டிருந்தா. என் பழைய மேடைச் சட்டை, அந்த நீலம், அது அவ கையில இருந்துச்சு. நல்ல சமயம், கை வேலையா இருக்கு, அடிக்க வராதுன்னு உன் கடுதாசியை எடுத்துப் படிச்சேன். என் கீபோர்டும் கூட ஏறின விஷயம் வந்ததும் விட்டுட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். நடுவுல ஏதோ விட்டீங்களே, அதைப் படிங்கன்னா. என்ன காது பாரு அவளுக்கு. அப்புறம் முன்னாடி நான் உனக்கு எழுதினதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவ ரெண்டாவது சரணத்துல ஏறுவா, நான் பின்னாடியே போவேன்னு.

அவ நிமிர்ந்து பாத்தா.

"நானா ஏறினேன்? நீங்கதான் ஏறினீங்க" அப்படின்னா.

நான் எங்க ஏறினேன்னு கேட்டேன்.

"உங்க கீபோர்டுப் பொட்டி சூடானா சுருதி மேல போகும்னு நினைச்சிருந்தேன். நாலு பேர் முன்னாடி உங்க வாசிப்பு தப்புன்னு ஆயிடக் கூடாதேன்னு நான்தான் உங்க பின்னாடியே வந்தேன். ஒவ்வொரு கச்சேரிக்கும் தொண்டை கட்டிக்கிட்டு வெந்நீர் குடிச்சேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

மாப்ளே, நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு அப்படியே நின்னோம். எவ்வளவு நேரம்னு தெரியல. தீயுற வாசனை வந்தப்பதான் அவ தேய்ப்புப் பெட்டியைத் தூக்கினா. சட்டைக் காலர் போச்சு. அதைக் கையில வெச்சுக்கிட்டு அவ சிரிக்க ஆரம்பிச்சா பாரு, அவ சிரிக்க நான் சிரிக்க, நான் சிரிக்கிறதைப் பாத்து அவ சிரிக்க, அதுவும் ஏறிக்கிட்டே போச்சு.

அப்புறம் சட்டுனு நிறுத்திட்டு, அப்ப பேஸ்காரர் இறங்கினதுன்னு கேட்டா. எனக்கும் அப்பதான் உறைச்சுது. அவர் எங்க இறங்கினார். அவர் ஒருத்தர்தான் நின்ன இடத்துல நின்னிருக்கார். நாங்க கூரைக்கு ஏறிக்கிட்டு, கீழ நிக்கிறவரைப் பாத்து ஏன் குழியில விழுந்தேன்னு கேட்டிருக்கோம். வருஷக்கணக்கா.

அவ கருகின சட்டையை மடிச்சு வெச்சுட்டு ஒண்ணு சொன்னா, அதை அப்படியே எழுதுறேன்: "அவன் மெஷின் பாடுறவங்களை மட்டும் கேட்டா உருப்படாது. பேஸ்காரர் மாதிரி அசையாத ஒருத்தர் இருக்கணும். அதுக்கு ஒரு காது, பாடுறவங்களுக்கு ஒரு காது. பாடுறவங்ககூட கொஞ்ச தூரம் போயிட்டு அவர் நிக்கிற இடத்துக்குத் திரும்பணும்." புரிஞ்சா செய், புரியலேன்னா அவளையே கேட்டுக்கோ. ஏன்னா அவ பையை எடுத்துட்டா. வியாழக்கிழமை காலை வண்டி.

உன்கிட்ட பேசறதுக்கு வரலையாம். பாடறதுக்கு மட்டும்தான் வராளாம். வெந்நீர் எப்பவும் ரெடியா இருக்கணுமாம். இதெல்லாம் உன்கிட்ட சொல்லச் சொன்னா, அவ பேசாததனால.

உன் அத்தான்

---

ஏப்ரல் 9

அன்புள்ள அத்தானுக்கு,

கண்காட்சி நேற்று முடிந்தது. மெஷின் பிழைத்துவிட்டது. தொழிற்சாலையில் அடுத்த மாதம் ஆரம்பிக்கிறார்கள். லிஃப்ட் மணிகளை வேறு ஒருவர் பார்த்துக்கொள்வார்.

அக்கா வந்த அன்றே பாடினாள். என்னோடு பேசவில்லை. எதுவாக இருந்தாலும் வரவேற்புப் பெண்ணிடம் சொல்வாள், அவள் என் பக்கம் திரும்பி அதையே சொல்வாள். நான் பதில் சொன்னால் அதுவும் அப்படியே திரும்பிப் போகும். நடுவில் அந்தப் பெண் பட்ட பாடு. அக்கா சொன்னபடி, அசையாத ஒரு தந்தியைப்போல மெஷினுக்குள் நிலையாக ஒரு சுருதியை வைத்தேன். குரலுக்கு விட்டுக்கொடுக்கும், ஆனால் அதற்கு எட்டும் தூரம் வரைதான். வரியின் முடிவில் பாடுகிறவர் மூச்சு எடுக்கும்போது மெல்லத் திரும்பிவிடும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வைத்துக்கொள்ளத்தான் அந்தக் குமிழ். இப்போது அது பசையில் நிற்கவில்லை.

கண்காட்சியில் எங்கள் மேடைக்கு முன்னால் நிற்க இடமில்லை. பாதிப் பேர் அது பொய் என்று நிரூபிக்க வந்திருந்தார்கள். முகத்திலேயே தெரிந்தது. அக்கா பாடத் தயாராக மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மெஷினை அறிமுகப்படுத்திப் பேச ஆரம்பித்தேன். எப்படி உருவானது, என்ன நுட்பம், என்னென்ன சோதனை என்று பேசிக்கொண்டே போனேன். திடீரென்று என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் அசைகிறது. கூட்டத்தில் யாருக்கும் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்காவின் விரல் மிக்சரில் என் மைக்கின்மேல் இருந்தது. என் முகத்தைப் பார்த்து, நேராக என்னிடமே, "ஏறிக்கிட்டே போனே. இறக்கிட்டேன்" என்றாள்.

பிறகு பாடினாள். இரண்டாவது சரணத்தில் ஏறினாள். மெஷின் கூடப் போய்விட்டுத் திரும்பி வந்தது, அவளும் அதோடு வந்தாள். பொய் என்று நிரூபிக்க வந்தவர்கள் பாட்டு முடிந்ததும், குமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டைகள் சின்னவை என்றார்கள்.

குமிழுக்குக் கீழே என்ன பெயர் அச்சிடலாம் என்று முதலாளியம்மா கேட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னோம். அக்கா, ஒன்றும் எழுத வேண்டாம், எழுதினால் அதைப் பற்றி யார் பேசுவார்கள் என்றாள். அப்படியே விட்டுவிட்டோம்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது என்னை நிறையத் திட்டினாள். சந்தோஷமாக இருந்தது. இன்னும் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறாள். உங்கள்மேல் இருக்கும் கோபத்தைக் கண்காட்சிக்குப் பிறகு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

---

ஏப்ரல் 16

மாப்ளே,

சந்தோஷம். கட்டையைக் கொஞ்சம் பெரிசாப் போடு.

கடையில இப்ப எனக்குத் தனி நாற்காலி. நான் சொன்னது உண்மையாயிடுச்சாம். ஒயர் பொண்ணு, அடுத்த மெஷின்ல என்ன வரப்போகுதுன்னு தினம் என்னைப் பிடுங்குறா. ஒண்ணு தோணியிருக்கு, இன்னும் சொல்லல. உன் தூக்கத்தைக் கெடுக்க வேணாம்னுதான்.

நேத்து பேஸ்காரரைப் பாத்தேன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். நீங்க இறங்கவே இல்லையாம், நாங்கதான் ஏறியிருக்கோம்னு. அவர் டீயைக் குடிச்சு முடிச்சுட்டு, "தெரியும்" அப்படின்னார். தெரிஞ்சுமா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தீங்கன்னு கேட்டேன். "நீங்க அவங்களுக்காக ஏறுறீங்க, அவங்க உங்களுக்காக ஏறுறாங்க. நடுவுல நான் எதுக்கு? எனக்கு எப்படியும் சம்பளம் ஒண்ணுதானே" அப்படின்னார். போகும்போது திரும்பி நின்னு, ஒருநாள் இல்ல ஒருநாள் கூரை இடிக்கும், அன்னிக்குத் தானா இறங்குவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்னு வேற சொல்லிட்டுப் போறார். இவ்வளவு குசும்பு பிடிச்ச ஆளை நான் பாத்ததில்ல, முகம் பாக்கிற கண்ணாடியில தவிர.

அப்புறம், உன் அக்காவை சீக்கிரம் அனுப்பி வை. வீட்டுல சாப்பாடு, துணி எல்லாம் நானே பாத்துக்கிறேன், அதுக்கு இல்ல. நேத்து பழைய கீபோர்டைத் தூசி தட்டி எடுத்து, நம்ம பாட்டு ஒண்ணு முழுசா வாசிச்சுப் பாத்தேன். பல்லவி, முதல் சரணம், ரெண்டாவது சரணம். இடது கை தானா பின்னாடி போய் அந்தக் குமிழைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்குது.

சுருதி வெச்ச இடத்துலயே இருக்குடா. கொஞ்சங்கூட நல்லா இல்ல.

உன் அத்தான்